அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 78 வயது அம்மா. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, தவளக்குப்பம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு மாதமாக இருக்கிறார். மகனுக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை வந்து பார்க்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்கா, "அம்மா இளைச்சுக்கிட்டே போறாங்க, பேச்சும் குறைஞ்சுடுச்சு" என்கிறார். இல்லத்து மேனேஜரோ, "வயசாயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு திருப்திப் படிவத்தை நீட்டுகிறார். பராமரிப்பு நன்றாக நடக்கிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?

முதியோர் பராமரிப்பில் வேலை செய்த செவிலியர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அக்கா சொல்வதும் உண்மையாக இருக்கலாம், மேனேஜர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 78 வயதில் இடுப்பு முறிந்தவருக்கு எவ்வளவு நல்ல பராமரிப்பு கிடைத்தாலும் சில விஷயங்கள் குறையத்தான் செய்யும். அதனால் "அம்மா முன்பைவிட மோசமாகிவிட்டாரா?" என்ற கேள்வி மட்டும் போதாது. அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது: அம்மாவிடம் மாற்றம் வந்தபோது இல்லம் அதை எப்போது கவனித்தது, கவனித்த பிறகு என்ன செய்தது? இந்த ஒன்றுக்குத் தேதியோடு பதில் சொல்ல முடிகிற இல்லத்தை நான் நம்புவேன். "வயசாயிடுச்சு" என்பதை மட்டும் பதிலாகத் தருகிற இல்லம், அது உண்மையாகவே வயதின் விளைவா என்று தேடிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

மருத்துவச் சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். இடத்தில் என்ன இருக்கிறது, அங்கே என்ன செய்கிறார்கள், அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நம் குடும்பங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. ஏசி இருக்கிறதா, கட்டில் புதிதா, தோட்டம் உண்டா, வாசலில் சிசிடிவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். திருப்திப் படிவமும் அதையேதான் கேட்கும். அதை நிரப்புவதும் பெரும்பாலும் பிள்ளைகள்தான். அங்கே படுத்திருப்பவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் ஒப்பிட ஒரு தொடக்க நிலை தேவை. சேர்க்கும்போது இல்லம் அதை எழுதி வைத்திருக்க வேண்டும். ரெஜிஸ்டரைக் கேளுங்கள். இல்லை என்றால் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், எடை, பிபி, சுகர், அப்போது இருந்த மாத்திரைகள் எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். அன்றாட வேலைகளுக்கு 1965-இல் வந்த பார்தல் அளவுகோல் இன்றும் நன்றாகவே உதவுகிறது. சாப்பிடுவது, குளிப்பது, தலைவாரி முகம் கழுவிக்கொள்வது, உடை மாற்றுவது, மலம், சிறுநீர் இரண்டையும் அடக்க முடிவது, கழிவறையைப் பயன்படுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று பத்து விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். படிவத்தை வைத்துக்கொண்டு அக்காவும் நீங்களும் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். அம்மா சேர்ந்த வாரத்தில் எப்படி இருந்தார் என்று நினைவிலிருந்து ஒன்று, இன்றைக்கு ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. மொத்த எண்ணைவிட எந்த வரியில் மதிப்பெண் குறைந்தது என்பதுதான் பேசும். வந்தபோது தானாகக் கையால் சாப்பிட்டவர் இப்போது ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறார் என்றால், அவருக்குக் கை வரவில்லையா, அல்லது ஊட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் பழக்கிவிட்டார்களா? இரண்டாவது என்றால் அது பராமரிப்பால் வந்த இழப்பு. டயப்பர் விஷயமும் இதேதான். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாததால் டயப்பர் போட்டு, கொஞ்ச நாளில் அடக்கும் பழக்கமே போய்விட்ட முதியவர்கள் நிறைய பேர்.

சரி, அக்கா சொன்ன இளைப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எடை ஏமாற்றாது, அளப்பதும் எளிது. ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை தானாகக் குறைந்தால் அது காரணம் தேட வேண்டிய இழப்பு. 50 கிலோ இருந்தவருக்கு மாதத்தில் இரண்டரை கிலோ, ஆறு மாதத்தில் ஐந்து கிலோ. இல்லத்தில் எல்லோருக்கும் மாதம் ஒருமுறையாவது எடை பார்த்து எழுத வேண்டும். நிற்க முடியாதவருக்கு மேல் கையின் நடுவில் டேப்பால் சுற்றளவு எடுக்கலாம். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடல் மெலிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் ஒரே கையில் எடுங்கள்.

எடை குறைந்திருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போய் உட்காருங்கள். தட்டில் என்ன வைக்கிறார்கள் என்பதைவிட, தட்டு திரும்பிப் போகும்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஈறு சுருங்கி பல்செட் லூசாகிவிட்டதா? விழுங்கும்போது இருமுகிறாரா? ஊட்டிவிடுகிறவர் ஒரு வாய் முழுசாக உள்ளே போவதற்குள் அடுத்த ஸ்பூனை நீட்டுகிறாரா? இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்து காலை இட்லி எட்டரைக்கு வருகிறது என்றால் பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு. மெட்ஃபார்மின் மாதிரியான சுகர் மாத்திரைகள் சிலருக்குப் பசியையே கெடுத்துவிடும். கடலூர் முதுநகரில் மீன் குழம்போடு வளர்ந்த ஒருவருக்கு எட்டு மாதமாக ரசம் சாதமும் கீரையும்தான் என்றால் அவர் ஏன் சாப்பிடவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இந்த வயதில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 1 கிராம் புரதமாவது வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். இதைக் கணக்குப் பார்த்து, வாரம் இரண்டு நாள் அக்காவே மீன் சமைத்துக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் புரதத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எடை குறைந்ததைத் தாங்களாகவே கவனித்து, உணவை மாற்றி, அடுத்த மாதமும் எடை பார்த்திருந்தார்கள் என்றால், எடை முழுதாக ஏறாவிட்டாலும் நான் அந்த இல்லத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது தோல். அம்மா படுக்கையிலோ வீல்சேரிலோ நிறைய நேரம் இருந்தால் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், முழங்கை, காதுமடல் எல்லாவற்றையும் நீங்களே பார்க்க வேண்டும், அல்லது அக்கா பார்க்கட்டும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, இறுகலாக அல்லது கொழகொழவென்று இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிட பிரேடன் அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 23, 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து. அதை இல்லத்தில் போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார்கள், அதற்கு ஒரு சார்ட் இருக்கும். இரவு 10, 12, 2, 4 என்று எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம் என்றால், காலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. சார்ட் ஒழுங்காக இருந்து தோல் சிவந்திருந்தால் தோலை நம்புங்கள்.

கீழே விழுவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "எங்க ஹோம்ல ஒருத்தர்கூட விழுந்ததே இல்லை" என்று ஒரு இல்லம் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும். முதியவர்கள் நடந்தால் எப்போதாவது ஒருவர் விழத்தான் செய்வார். யாருமே விழவில்லை என்றால், அவர்களை நடக்கவே விடவில்லை என்றும் இருக்கலாம். காலை முதல் வீல்சேரில் உட்காரவைத்து இடுப்பில் துணியால் கட்டியிருக்கலாம், கட்டிலின் இருபுறமும் கம்பி ஏற்றியிருக்கலாம், மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருக்கலாம். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இப்படிக் கட்டிவைப்பதையும் மயக்கிவைப்பதையும் கட்டுப்படுத்த 1987-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் எத்தனை முறை விழுந்தார் என்பதை, எவ்வளவு நடக்கிறார் என்பதோடு சேர்த்தே பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று மொபைலில் பாருங்கள். வாக்கர் வைத்திருந்தால் வாக்கரோடுதான். யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு அதற்கு மேல்தான் ஆகும், அதில் ஒன்றும் தப்பில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு 25 விநாடி, இன்று 40 என்றால், அல்லது எழுந்திருக்கவே முடியவில்லை என்றால், பிசியோதெரபி என்று பில்லில் போட்டது உண்மையில் நடந்ததா என்று கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

விழுந்திருந்தால் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காக எழுந்தபோது விழுந்தார் என்று எழுதியிருக்கிறார்களா? பின்னிரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்தார் என்றால் வழியில் விளக்கு போட்டார்களா, அந்த நேரத்துக்கு முன்பே எழுப்பிக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார்களா? படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிபி எடுத்துப் பார்த்தார்களா? மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் எழும்போது தலைசுற்றலாம். பிபி மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றினாலே சரியாகிவிடக்கூடிய விஷயம் அது.

பேச்சு குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னாரே, அதைக் கேட்டதும் எனக்கு மாத்திரை டப்பாவைப் பார்க்கத் தோன்றியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த மாத்திரைகளையும் இப்போது கொடுப்பவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். புதிதாக வந்தவை எவை, யார் எழுதிக்கொடுத்தது, எந்தத் தேதியில், எதற்காக? லோராசெபாம், அல்பிரசோலாம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பவை), குவெடியாபின், ரிஸ்பெரிடோன் (மனநோய்க்குக் கொடுப்பவை) போன்ற பெயர்கள் இருந்தால் கட்டாயம் காரணம் கேட்க வேண்டும். அரிப்புக்கு, சளிக்கு என்று கொடுக்கும் அவில்கூட இந்த வயதில் மந்தமாக்கும், சிறுநீர் அடைக்கும், குழப்பம் உண்டாக்கும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் குவெடியாபின் வகை மாத்திரைகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. சில நேரங்களில் அவை உண்மையாகவே தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் இரவு ஷிப்டில் ஆள் குறைவு என்பதற்காகக் கொடுக்கக் கூடாது. நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், அதுவும் ஆபத்து. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஜிப்மருக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போய் ஒரு டாக்டரிடம் மொத்தமாகக் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேளுங்கள்.

மந்தம் திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா என்பதும் முக்கியம். நேற்றுவரை பேசியவர் இன்று உளறுகிறார், அல்லது கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறார் என்றால் அது வயோதிகம் இல்லை. சிறுநீர்த் தொற்று, தண்ணீர் பற்றாமை, நாலு நாள் மலச்சிக்கல், சுகர் இறங்கியது, நிமோனியா என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் நம் கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் இது அதிகமாக வரும். பாத்ரூம் கூட்டிப்போகச் சிரமம் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. சில முதியவர்களே யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று குடிக்காமல் இருப்பார்கள். கடைசியாக இப்படி ஒரு மாற்றம் யாருக்கு வந்தது, எத்தனை மணி நேரத்தில் டாக்டரைக் கூப்பிட்டீர்கள் என்று மேனேஜரிடம் கேளுங்கள். பெயர் தேவையில்லை. எப்படிச் சொல்கிறார் என்பதிலேயே நிறையத் தெரியும்.

அப்புறம் அம்மாவிடமே கேட்பது. "நல்லா பாத்துக்கிறாங்களாம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்பா, நீ பத்திரமா போய்ட்டு வா" என்றுதான் சொல்வார். மேனேஜர் பக்கத்தில் நின்றால் நிச்சயமாக அப்படித்தான். தனியாக உட்கார்ந்து சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ராத்திரி பாத்ரூம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட்டா உடனே வருவாங்களா? எத்தனை மணிக்கு எழுப்பி விடுறாங்க? குளிக்கத் தண்ணி சூடா இருக்கா? குளிக்க வைக்கிறப்போ கதவைச் சாத்துவாங்களா? நேத்து சாயங்காலம் என்ன செஞ்சீங்க? கடைசிக் கேள்விக்கு "சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்" என்ற பதில் ஒவ்வொரு முறையும் வந்தால், அந்தப் பேச்சுக் குறைவுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பேச ஆளில்லாதவர் எதைப் பேசுவார்? மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க முதியவர்களுக்கென்றே ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் உள்ள படிவம் உண்டு. மனச்சோர்வு இந்த வயதிலும் மருந்துக்கும் துணைக்கும் நன்றாகவே குணமாகக்கூடியது. கண்புரை, காதில் அடைத்த குறும்பி இரண்டையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள், காது கேட்காததைப் பலர் மறதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரவு டூட்டி ஆயாவிடமும் பேசுங்கள். மரியாதையாக, விசாரணை செய்கிற தொனி இல்லாமல். பக்கத்துக் கிராமங்களிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு வந்து, பத்துப் பதினைந்து பேரை ஒருவராகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அவர்கள். உங்கள் அம்மாவுக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அது எந்த ரெஜிஸ்டரைவிடவும் பெரிய சான்று. ஒவ்வொரு முறை போகும்போதும் புது முகமாக இருந்தால், மாற்றத்தைக் கவனிக்க அங்கே யாருமே இல்லை என்று அர்த்தம். முந்தாநாள் எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தானே இன்றைக்கு வேறுமாதிரி இருப்பது தெரியும்.

நம் ஊருக்கென்று ஒரு கேள்வி உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது. 2015-இல் கடலூர் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணைக் கரையெல்லாம் தண்ணீர். அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, கையிருப்பில் எத்தனை நாள் மாத்திரை இருந்தது, இன்சுலினை எங்கே வைத்தார்கள், தரைத்தளத்தில் படுத்திருந்தவர்களை யார் மேலே தூக்கினார்கள், இரவு ஆயா வர முடியாதபோது யார் இருந்தார்? நடந்ததைச் சொல்வது எளிது, திட்டத்தைச் சொல்வதும் எளிது. எதுவும் சொல்ல முடியாத இல்லம் கடற்கரையில் இருக்கத் தகுந்தது இல்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. கன்னியக்கோவில் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். தவளக்குப்பம் புதுச்சேரிக்குள் இருப்பதால் அங்குள்ள இல்லம் பற்றிய புகார் புதுச்சேரி சமூகநலத்துறைக்குப் போக வேண்டும். கடலூர்ப் பக்கம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண் இரண்டு பக்கத்துக்கும் பொது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முக்கியமாகப் பிள்ளைகளின் பொறுப்பைப் பேசுகிறது. பணம் கட்டிச் சேர்த்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லத்துக்குப் போய்விடாது.

இனி என்ன செய்வது? கட்டிவைத்திருந்தால், காரணம் சொல்ல முடியாத காயம் இருந்தால், தோல் கிழிந்து ஆழமான புண் இருந்தால், அம்மாவைத் தனியாகப் பார்க்க விடமாட்டேன் என்றால், காத்திருக்க வேண்டாம். முதலில் மருத்துவமனை, பிறகு வேறு இடம். அப்படி எதுவும் இல்லை என்றால் அவசரப்பட்டு இடம் மாற்றாதீர்கள். இந்த வயதில் இடமாற்றமே ஒரு அதிர்ச்சி. புது அறை, புது கழிவறை வழி, புது முகங்கள் எல்லாம் சேர்ந்து குழப்பத்தையும் விழும் ஆபத்தையும் கூட்டும். மேனேஜரோடு உட்கார்ந்து மூன்று விஷயத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எடை இவ்வளவு, நடை இவ்வளவு விநாடி, மாத்திரைப் பட்டியல் இது. ஒவ்வொன்றுக்கும் யார் என்ன செய்யப்போகிறார், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்று பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல இல்லம் இதற்குக் கோபப்படாது. கேட்கிற குடும்பம் கிடைத்தால் நர்ஸ்களுக்கும் வேலை எளிதாகும், நிர்வாகத்திடம் கூடுதல் ஆள் கேட்க அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

மாதம் இரண்டு முறை வருகிறீர்கள் என்றால் அதில் ஒன்றை வேலைநாள் மாலையாக மாற்றுங்கள். ஞாயிறு பகலில் எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். நீங்கள் வராத வாரங்களில் அக்கா போகட்டும், இருவரும் ஒரே நோட்டில் எழுதுங்கள். இந்த முறை போகும்போது டேப், எடை மெஷின், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பட்டியலை மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மற்றவற்றுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம்.